ஒன்றும் சொல்லாவிட்டால், இல்லை

ஜூன் 3

தம்பிக்கு,

இனி தொலைபேசி வேண்டாம். நீ பேசினால் கேட்டுவிடுவேன், கேட்டால் சமாதானமாகிவிடுவேன். எனக்கு இப்போது சமாதானம் வேண்டாம். எழுது. என் விரல் படிக்கிற எழுத்தில், பிரெயிலில், உன் கையால் குத்தி எழுது. பத்து வயதில் அம்மாவுக்குத் தெரியாமல் எனக்குச் சீட்டு அனுப்புவதற்காகக் கற்றுக்கொண்டாயே, அது மறந்திருக்காது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். நீ வேறு மாதிரி நினைவில் வைத்திருப்பாய்.

எங்கள் நூலகத்தின் கணினி அறைப் பொறுப்பாளர் ஓய்வு பெறுகிறார். பதினெட்டு கணினிகள். அவற்றைப் பயன்படுத்துகிற அத்தனை பேரும் என்னைப் போல் பார்வை இல்லாதவர்கள். பொறுப்பாளர் மட்டும் எப்போதும் பார்வை உள்ளவர். நான் விண்ணப்பித்தேன். எட்டு வருடம் பிரெயில் மெய்ப்புத் திருத்தியது போதும்.

செயலாளர் கூப்பிட்டார். எல்லாம் சரி, ஒரே ஒரு சந்தேகம் என்றார். ஒரு கணினி படுத்துவிட்டால் அதன் உள்ளிருக்கிற நினைவு வட்டை முழுக்க அழித்து, இயங்குதளத்தை மறுபடி போட வேண்டும். திரையைப் படிக்காமல் எப்படிப் போடுவீர்கள்? "உங்க வீட்டு மெஷினை யாரும்மா பாத்துக்கிறா?" என்றார். தம்பி என்றேன். உடனே உனக்குப் போன் போட்டார். ஒலிபெருக்கியில்.

நீ சொன்னது: "அக்கா எல்லாம் செய்வா சார். இது மட்டும் அவளால முடியாது. அதனால என்ன, எப்ப வேணும்னாலும் நான் வந்து போட்டுத் தரேன்."

எவ்வளவு அன்பாகச் சொன்னாய். அறையில் மூன்று பேர் இருந்தார்கள். மூன்று பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். நிம்மதி மூச்சு. அதற்குத் தனி ஒலி உண்டு.

நான் ஒரு தேதி கேட்டு வாங்கினேன். ஜூலை 10. அவர்கள் முன்னால், அவர்கள் தருகிற கணினியில், யார் துணையும் இல்லாமல். முடிந்தால் வேலை எனக்கு. முடியாவிட்டால் வழக்கம்போல் கண் உள்ள ஒருவருக்கு.

அக்கா


ஜூன் 8

அக்கா,

கை வலிக்கிறது. வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும் என்பதே மறந்துவிட்டது. முதல் பக்கம் முழுக்கக் கண்ணாடி எழுத்து. கிழித்தேன். அம்மா எட்டிப் பார்த்து, "என்னடா மரங்கொத்தி மாதிரி" என்றாள். உனக்குக் கடிதம் என்றேன். "ஒரு வயித்துல பொறந்ததுங்க பேசிக்க தபால்காரன் வேறயா" என்று போய்விட்டாள்.

பிழை இருக்கும். பொறு.

நான் பொய் சொல்லவில்லை. பேசுகிற மென்பொருள் உள்ளே போன பிறகுதான் கணினி பேசும். அது உள்ளே போகும்வரை ஊமை. ஏழு முறை உனக்குப் போட்டுத் தந்திருக்கிறேன். ஏழு முறையும் திரையைப் பார்த்துத்தான். எனக்கே நாலு இடத்தில் தடுமாறும்.

மட்டம் தட்டவில்லை. விழுவாய் என்று கையைப் பிடித்தேன். பழக்கம்.

வேண்டாம் என்று சொல்ல ஆசை. சொன்னால் கட்டாயம் செய்வாய். அதனால் சொல்லவில்லை.

தம்பி


ஜூன் 13

தம்பிக்கு,

முதலில் உன் எழுத்து. மோசமில்லை. கோபமான இடங்களில் ஊசி காகிதத்தைத் தாண்டிவிட்டது. அங்கெல்லாம் ஓட்டை.

இரண்டாவது. பேசும். எல்லாம் பேசாது, ஆனால் முதல் நொடியிலிருந்தே பேசுகிற இயங்குதளம் ஒன்று இருக்கிறது. நூலகத்துக்கு வருகிற ஒரு கணக்கு ஆசிரியர், என்னைப் போன்றவர், சொன்னார். அதைப் பதிந்த டிவிடி டிஸ்க்கைப் போட்டு இயக்கினால் தயாரானதும் ஒருமுறை 'பீப்' என்று ஒலிக்கும். அப்போது ஆங்கில எஸ் எழுத்தைத் தட்டி என்டர் அடித்தால் குரல் வந்துவிடும். "பென் டிரைவ்ல போடாதம்மா" என்றார். ஏன் என்று கேட்டேன். "பென் டிரைவ் ஊமை. டிஸ்க் சுத்தும், முனகும், நிக்கும். எங்க இருக்கோம்னு காட்டிக் கொடுத்துடும்."

ஏழு முறை வந்தாய். ஒருமுறைகூட இப்படி ஒன்று இருக்கிறதா என்று தேடவில்லை. நானும்தான் தேடவில்லை. அதை உன்மேல் போடமாட்டேன்.

மூன்றாவது. இதற்கு நீ பதில் சொல்லியாக வேண்டும்.

முயன்றேன். டிஸ்க்கிலிருந்து தொடங்கச் சொல்லும் விசையைத் தட்டினேன். டிஸ்க் சுற்றவில்லை. பீப் இல்லை. மூன்று நாள், முப்பது தடவை. மின்விசிறியின் ஒலி மட்டும். நான்காம் நாள் மாடி வீட்டுப் பெண்ணிடம் ஒரு நிமிடம் கண் கடன் வாங்கினேன். நீ வரும்போது மட்டும் பரணிலிருந்து இறங்குகிற அந்தத் திரையை மாட்டினாள். "அக்கா, பாஸ்வேர்டு கேக்குதே" என்றாள்.

என் கணினி. என் மேசை. முப்பது தடவை அது என்னிடம் கடவுச்சொல் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது, நான் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

வைத்தது யார்?

அக்கா


ஜூன் 17

அக்கா,

நான்தான்.

நாலு வருடம் முன்பு, மூன்றாம் முறை வந்தபோது. தெரியாமல் எதையாவது அழுத்தி உள்ளமைப்பை மாற்றிவிடுவாய் என்று பயம். உன்னிடம் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். பேருந்துக்கு நேரமாகிவிட்டது. அடுத்த முறை சொல்லலாம் என்று விட்டேன். அடுத்த முறை சொல்ல வெட்கமாக இருந்தது.

கடவுச்சொல் உன் பிறந்த நாள். எட்டு இலக்கம், இடைவெளி இல்லாமல்.

வேறு எழுதத் தெரியவில்லை.

தம்பி


ஜூன் 21

தம்பிக்கு,

என் பிறந்த நாளை வைத்து என்னைப் பூட்டியிருக்கிறாய்.

நல்ல வேளை, உன் கடிதம் தாமதமாக வந்தது. வருவதற்கு முதல் நாளே திறந்துவிட்டேன். பிறந்த நாள் தேவைப்படவில்லை.

பெட்டியைப் படுக்கவைத்துத் திருப்புளியால் பக்கத்துத் தகட்டைக் கழற்றினேன். திருகுகளை ஒரு கிண்ணத்தில் போட்டேன், எண்ணி. கை உள்ளே போனது. நீ இதுவரை விளக்கடித்துப் பார்த்த இடம். எனக்கு அது ஒரு சின்ன ஊர். மின்விசிறி, அதன் பக்கத்தில் சீப்பு மாதிரி தகடுகள், கேபிள் நாடாக்கள், ஓரத்தில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வட்டம். மின்கலம். கணினி தன் ஞாபகத்தை அதில்தான் வைத்திருக்கிறது என்று கணக்கு ஆசிரியர் சொல்லியிருந்தார். நகத்தால் நெம்பினேன். டிக் என்று எழும்பியது. பத்து நிமிடம் உள்ளங்கையில் வைத்திருந்தேன். உன் நாலு வருடப் பூட்டு என் கையில் சூடேறிக்கொண்டிருந்தது.

திரும்பப் போட்டேன். கணினி பிறவிக் குணத்துக்குத் திரும்பிவிட்டது. யார் பூட்டியது, எதற்குப் பூட்டியது, ஒன்றும் நினைவில்லை. முதல் வேலையாக டிஸ்க்கைத் தேடியது.

சுற்றியது. முனகியது. நின்றது.

பீப்.

எஸ். என்டர்.

பதினொன்றுவரை எண்ணினேன். பிறகு ஒரு குரல். தகர டப்பாவுக்குள் சளி பிடித்துக் கிடக்கிற ஒருவனின் குரல். எந்த மொழி வேண்டும் என்று என்னிடம் கேட்டது. என்னிடம். நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். எழுந்து என்ன செய்வது என்று தெரியவில்லை. மறுபடி உட்கார்ந்தேன்.

கேள்விகளாகக் கேட்டுக்கொண்டு போனது. பதில் சொல்லிக்கொண்டு போனேன். கடைசியில் அந்தக் கேள்வி. இந்த வட்டில் உள்ள அனைத்தும் அழியும், சம்மதமா? ஆம், இல்லை. ஒன்றும் சொல்லாவிட்டால், இல்லை.

உன் ஞாபகம் வந்தது. நீயும் அப்படித்தான். நான் ஒன்றும் சொல்லாவிட்டால், இல்லை.

வேண்டியதையெல்லாம் முதல் நாளே தனி வட்டில் எடுத்து அலமாரியில் பூட்டியிருந்தேன். இருந்தும் கேள்வியை இன்னொரு முறை படிக்கவிட்டேன். எட்டு வருடம் அதில் இருந்தது. நீ போட்டுத் தந்த அமைப்புகள், எழுத்து வேகம், நீ எனக்காகத் தேர்ந்தெடுத்த குரல்.

ஆம்.

அக்கா


ஜூன் 27

அக்கா,

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மின்கலம் வந்த இடத்தில், "நல்லா வேணும்டா உனக்கு" என்றாள்.

இப்போது என் கதை. சிரிக்கத் தயாராக இரு.

உன் கணக்கு ஆசிரியர் சொன்னதை நானும் செய்து பார்த்தேன். என் போட்டோக் கடையில், ஞாயிற்றுக்கிழமை, கதவைச் சாத்திவிட்டு. திரையை அணைத்தேன். அது போதாதென்று கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டேன். உன்னால் முடியும் என்றால் என்னால் முடியாதா என்று. ஒரு புகைப்படக்காரன் பேசுகிற பேச்சா இது?

பீப் வந்தது. குரல் வந்தது. மிதந்தேன். எந்த வட்டு என்று கேட்டது. கடைக் கணினியில் இரண்டு வட்டுகள், ஒரே அளவு. ஒன்று காலி, ஒன்றில் வேலை. காலியானது எப்போதும் திரையில் மேலே இருக்கும். மேலே என்றால் முதலாவது. முதலாவதைச் சொன்னேன். ஆம் என்றேன். உன்னைவிட வேகமாக.

துண்டை அவிழ்த்தேன். அழிந்தது வேலை வட்டு. ஒரு பள்ளிக்கூடத்தின் ஆண்டுப் படங்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள். போன வாரம் எடுத்தது. கேமராவின் அட்டையையும் முன்பே காலி செய்திருந்தேன்.

தலைமையாசிரியையிடம் போய் நின்றேன். "என்னப்பா, எல்லாம் போச்சா? எப்படி?" என்றார். கண்ணைக் கட்டிக்கொண்டு அழித்தேன் என்றேன். மூன்று நாள் மறுபடி எடுத்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் பல்லைக் காட்டினார்கள். அதற்குள் நாலு பேருக்குப் பல் விழுந்திருந்தது.

அதைவிட முக்கியமானது கடைசியில். உங்கள் செயலாளர் எனக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறார். ஜூலை 10 அன்று நான் வர வேண்டுமாம். பக்கத்து அறையில் இருக்க வேண்டுமாம். "ஏதேனும் சிக்கல் எனில் உதவுவதற்கு மட்டும்." உனக்குச் சொல்ல வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறார். நீ பதறிவிடுவாயாம்.

இந்த முறை சொல்லிவிட்டேன்.

தம்பி


ஜூலை 1

தம்பிக்கு,

சிரித்தேன். மாடி வீட்டுப் பெண் இறங்கி வந்து, "அக்கா, என்னாச்சு" என்று கேட்கும் அளவுக்கு.

கேட்டுக்கொள். இனி மறக்கமாட்டாய். அழியக்கூடாத வட்டு பெட்டிக்குள்ளேயே இருக்கக்கூடாது. நாடாவைக் கழற்றி வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொள். பிறகு எந்தக் கேள்விக்கும் பயமில்லை. மேலே, கீழே எல்லாம் பார்க்கிறவர்களின் நம்பிக்கை. நான் கையில் இருப்பதை மட்டும்தான் நம்புவேன்.

நாலு முறை அழித்து நாலு முறை போட்டுவிட்டேன். கடைசி முறை ஐம்பது நிமிடம். என் கணினி இப்படி ஒரு வாரத்தை வாழ்நாளில் பார்த்திருக்காது. எந்தக் கேள்வி எப்போது வரும் என்பது மனப்பாடம். குரல் வாயைத் திறக்குமுன் பதில் சொல்கிறேன்.

செயலாளர் கடிதம் பற்றி. நீ பக்கத்து அறையில் இருந்தால், நான் தனியாகச் செய்தாலும் தனியாகச் செய்ததாக இருக்காது. உன் செருப்புச் சத்தம் எனக்குத் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டாலும் தெரியும். கேட்டால் என் கை உன்னை எதிர்பார்க்கும்.

வராதே என்று சொல்லமாட்டேன். நீயே முடிவு செய்.

அக்கா


ஜூலை 4

அக்கா,

செயலாளருக்கு எழுதியதன் நகல்:

"ஐயா, என் அக்காவால் முடியாது என்று நான் தொலைபேசியில் சொன்னது தவறு. எனக்குத் தெரியாததை அவரால் முடியாது என்று சொல்லிவிட்டேன். இந்த வேலையில் எங்கள் இருவரில் கண்ணைக் கட்டிக்கொண்டு சரியான வட்டை அழித்தவர் அவர், தவறான வட்டை அழித்தவன் நான். உதவிக்கு என்னை அழைப்பது உங்கள் நூலகத்துக்கு நல்லதல்ல. ஜூலை 10 அன்று நான் வரமாட்டேன்."

அம்மா படிக்கச் சொல்லிக் கேட்டாள். "அவளுக்கு எங்கடா கண்ணு கட்டியிருந்துது" என்றாள். மாற்றவில்லை. அனுப்பிவிட்டேன்.

உனக்கு மட்டும் ஒன்று. ஏழு முறை வந்தேனே. அவற்றில் இரண்டு முறை போனிலேயே சொல்லிச் சரிசெய்திருக்கலாம். சிறு கோளாறுதான். வந்தேன். வட்டைத் துடைத்தேன். மூன்று மணி நேரம் நீ பக்கத்தில் உட்கார்ந்து, "இப்ப என்னடா ஆகுது, இப்ப என்னடா" என்று கேட்டுக்கொண்டிருந்தாய். கடையில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்பதில்லை.

பத்தாம் தேதி கடையைத் திறக்கப் போவதில்லை. வேலை ஓடாது.

தம்பி


ஜூலை 11

தம்பிக்கு,

நேற்று நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

காலை பத்து மணி. கணினி அறை. செயலாளர், வெளியிலிருந்து வந்த ஒரு பொறியாளர், நிர்வாகக் குழுவில் மூன்று பேர். ஐந்து நாற்காலி இழுபட்ட சத்தம். சுவருக்கு அந்தப் பக்கம் காது வைத்தேன். செருப்புச் சத்தம் இல்லை.

பொறியாளர் சொன்னார்: "உள்ள ரெண்டு ஹார்ட் டிஸ்க் வச்சிருக்கேன்மா. மேல இருக்கிறதுல ஒலிநூல்லாம் இருக்கு. அது போகக்கூடாது. கீழ இருக்கிறதை மட்டும் துடைச்சுப் போடணும்."

திருப்புளியை எடுத்தேன். "எதுக்கும்மா திறக்கறீங்க?" என்றார். மேல் வட்டின் நாடாக்களைக் கழற்றி, வட்டை உருவி, அவர் கையில் கொடுத்தேன். "பத்திரமா வச்சுக்குங்க சார்." யாரோ லேசாகச் சிரித்தார்கள். பொறியாளர் இல்லை.

டிஸ்க் சுற்றியது. நின்றது. பீப். எஸ். என்டர். பதினொன்றுவரை எண்ணினேன்.

ஒன்றுமில்லை.

இருபது. முப்பது. ஒன்றுமில்லை. மறுபடி தொடங்கினேன். பீப் வருகிறது. குரல் வரவில்லை. ஒலிப்பெட்டியைத் தொட்டேன், உயிர் இருக்கிறது, லேசாக இரைகிறது.

"திரையில எல்லாம் வருதேம்மா" என்றார் பொறியாளர். "கேக்கலையா?"

செயலாளர் நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார். நல்ல மனிதர். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நான் வேணா படிச்சுச் சொல்லட்டா? இதுல ஒண்ணும் தப்பில்லையே" என்றார்.

தம்பி, அந்த ஒரு நிமிடம். சரி என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவர் படிப்பார், நான் தட்டுவேன், எல்லாம் முடியும். முடிந்ததும், பார்த்தீர்களா, துணை இல்லாமல் ஆகாது என்று ஐந்து பேரும் அன்பாக மூச்சு விடுவார்கள்.

"வேண்டாம் சார்."

யோசித்தேன். குரல் இருக்கிறது. எங்கோ போகிறது. என் வீட்டில் போகாத எங்கோ.

கையைப் பெட்டியின் பின்பக்கம் கொண்டுபோனேன். மின்சாரம். விசைப்பலகை. ஒலிப்பெட்டி. அப்புறம் தடியாக, தட்டையான வாயோடு இன்னொரு கேபிள். என் வீட்டில் அந்த இடம் காலி.

"இது எங்க போகுது சார்?"

"அது மானிட்டருக்கும்மா. புதுசு. நாங்க பாக்கறதுக்காக மாட்டினது."

"அதுல ஸ்பீக்கர் இருக்கா?"

பொறியாளர் எழுந்து போய்த் திரையைத் திருப்பிப் பார்க்கிற சத்தம். "...இல்ல."

புரிந்துவிட்டது. புதுத் திரைகளின் கேபிளில் படத்தோடு ஒலியும் போகும். வாய் இல்லாத திரைக்குள் என் குரல் போய் உட்கார்ந்திருக்கிறது. அவர்கள் பார்ப்பதற்காக மாட்டியது நான் கேட்பதைத் தின்றுவிட்டது. வீட்டில் நாலு முறையும் எனக்குத் திரை இல்லை. அதனால் இது எனக்குத் தெரியவே வழியில்லை.

பிடுங்கினேன்.

"ஐயையோ, எங்களுக்கு ஒண்ணும் தெரியலையே!" குழுவில் ஒருவர்.

"கேளுங்க சார்."

பீப். எஸ். என்டர். பதினொன்று.

தகர டப்பாக்காரன் தொண்டையைச் செருமிக்கொண்டு வந்தான். எந்த மொழி வேண்டும் என்றான். அவனைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். பார்க்க ஒன்றுமில்லை, அதுதான் விஷயம். கறுப்புத் திரைக்கு முன்னால் கண் உள்ள ஐந்து பேர். அந்தக் குரலின் வேகம் அவர்களுக்குப் பிடிபடவில்லை. எனக்கு அதுதான் நடை வேகம். பத்து நிமிடம் பொறுத்தார்கள். பிறகு செயலாளர், "இப்ப என்னம்மா ஆகுது?"

"நேரம் கேக்குது சார்."

"இப்ப?"

"எந்த வட்டுன்னு கேக்குது. ஒண்ணுதான் இருக்கு. இன்னொண்ணு பொறியாளர் சார் மடியில இருக்கு."

"இப்ப?"

"எல்லாம் அழியும், சம்மதமான்னு கேக்குது."

யாரோ எழுந்து நின்றார்கள்.

ஆம்.

"நாற்பது சதவீதம்" என்றேன் பிறகு. "அறுபது." அவர்கள் அறுபதா, அறுபதா என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். தேநீர் வந்தது. யாரும் எடுக்கவில்லை. நான் எடுத்தேன்.

நாற்பத்தெட்டாவது நிமிடம் டிஸ்க் தானாக வெளியே வந்தது. எடுத்து உறையில் போட்டேன். கணினி மறுபடி எழுந்தது. இந்த முறை பீப் இல்லை, கேள்வி இல்லை. நேராகப் பேசியது. என் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டது. நான் வைத்த கடவுச்சொல். யாரிடமும் சொல்லமாட்டேன், கேட்காதே.

ஒரு பக்கம் தட்டெழுதி, அதையே உரக்க வாசிக்கவிட்டேன். எழுதியது இவ்வளவுதான்: "இந்தக் கணினி தயார்."

பொறியாளர் என் பக்கம் வந்து நின்றார். காலையிலிருந்து அம்மா அம்மா என்றவர், தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மேடம், இப்ப திரையை மாட்டிக்கலாமா?" என்றார்.

"ரெண்டு நிமிஷம் சார். முதல்ல குரல் எந்த வழியா போகணும்னு சொல்லி வச்சுடறேன். இல்லாட்டி அடுத்து வர்றவங்களுக்கும் இதே கதைதான்."

இரண்டு நிமிடம் காத்திருந்தார். எத்தனை பேர் எனக்காகக் காத்திருக்கிறார்கள் என்று எண்ணினேன். ஐந்து. பிறகு, "மாட்டிக்குங்க" என்றேன்.

செயலாளர் காகிதத்தை எடுத்தார். நியமன ஆணையின் வரைவு, முன்பே தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். யார் பெயருக்கும் இடம் விட்டு. என் பெயரை எழுதினார். நிப்பு ஓடுகிற ஒலி. அடுத்து, "உதவியாளர் ஒருவர் உடனிருக்க வேண்டும்னு இங்க ஒரு வரி இருக்கும்மா. அதை அடிச்சுடறேன்" என்றார்.

"அடிக்காதீங்க சார். பதினெட்டு பெட்டி இருக்கு. எல்லாத்தையும் துடைச்சுப் பேசற மாதிரி போடப் போறேன். தூக்கி வைக்க ஆள் வேணும்."

"அப்ப சரி." பேனா நின்றது. "கண் தெரிஞ்சவரா இருக்கணுமா?"

"தெரிஞ்சாலும் பரவாயில்ல சார்."

முதலில் சிரித்தது பொறியாளர்தான்.

சனிக்கிழமை முதல் பேருந்தைப் பிடி. பெட்டி தூக்க.

அக்கா